ரிம் வளர, காற்று தேய

சென்னையில் ஐப்பசி மழை இரண்டு நாள் கொட்டி ஓய்ந்த மறுநாள் காலை. வீல் அலைன்மென்ட் கடையில் என் காரின் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ராம்பில் ஏறி நின்றது கறுப்பு நிற சொகுசு எஸ்யூவி ஒன்று. கடைக்காரர் இடது முன்சக்கரத்தைக் கழற்றிச் சாய்த்து வைத்து, டயரின் பக்கவாட்டில் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் விரல் நின்றது. பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ரப்பர் புடைத்திருந்தது.

“உப்பிடுச்சு சார். உள்ள நூலு அறுந்துபோச்சு. இத வச்சு ஓட்டக் கூடாது.”

“மாத்தி நாலு மாசம்கூட ஆகலையே! இதே ரோட்லதான் மூணு வருஷமா போய்ட்டு வரேன்.”

“அப்ப 19 போட்டிருந்தீங்க சார். அதுல காத்து இருந்துச்சு. இது 22. இதுல ரிம்முதான் இருக்கு.”

பேலன்சிங் எந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டபோது ரிம்மின் உள்விளிம்பு ஒரு சுற்றுக்கு ஒரு முறை லேசாகத் துள்ளியது. குழியில் இறங்கிய அடி டயரோடு நிற்காமல் ரிம்மையும் வளைத்திருந்தது. வண்டிக்காரர் முகத்தில் கோபத்தைவிடக் குழப்பமே அதிகம். பெரிய சக்கரம் என்றால் பெரிய பலம் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அந்தக் குழப்பம் அவருக்கு மட்டும் உரியதல்ல. சொகுசு எஸ்யூவி வாங்குபவர்கள் கார் வந்த கையோடு கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று, ‘இதுக்கு எத்தனை இன்ச் வரைக்கும் போடலாம்?’ என்பது. ஷோரூம்காரர் ஒரு பதில் சொல்வார், அலாய் வீல் கடைக்காரர் வேறு சொல்வார், நண்பர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். கடைக்காரர் போகிறபோக்கில் சொன்ன அந்தக் காற்றைப் பிடித்துக்கொண்டு போனால் இந்தக் கேள்வியின் எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது.

டயரில் எழுதியிருக்கும் கணக்கு

டயரின் பக்கவாட்டில் 265/50 ஆர்19 என்பதுபோல் ஓர் எண் இருக்கும். 265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 50 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கவாட்டின் உயரம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 19 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும் ஒரே வரியில் கலந்து கிடப்பதால் கடைசி எண்ணை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் பிஎம்டபிள்யூ ஆலையில் பொருத்தப்படும் மாடல்களில் ஒன்று எக்ஸ்5. 2018இல் அறிமுகமான அதன் நான்காம் தலைமுறைக்கு நிறுவனமே உலகச் சந்தையில் பல அளவுகளைத் தந்திருக்கிறது. முன்சக்கரங்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 265/50 ஆர்19, 275/45 ஆர்20, 275/40 ஆர்21, 275/35 ஆர்22. இவற்றின் மொத்த வெளிவிட்டத்தைக் கணக்குப் போட்டால் முறையே 748, 756, 753, 751 மில்லிமீட்டர் வருகிறது. 19இலிருந்து 22க்குப் போனாலும் சக்கரத்தின் முழு உயரம் எட்டு மில்லிமீட்டர் வரம்புக்குள்ளேயே நிற்கிறது.

ஆனால் பக்கவாட்டின் உயரம்? 132 மில்லிமீட்டரிலிருந்து 124, 110, 96 என்று படிப்படியாக இறங்குகிறது. கால்வாசிக்கு மேல் போய்விட்டது. சக்கரம் வளரவே இல்லை. சக்கரத்துக்குள் உலோகம் வளர்ந்து, காற்று இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ‘பெரிய வீல்’ என்ற பெயரே பாதி ஏமாற்று.

வெளிவிட்டத்தைக் காப்பாற்றுவதற்கென்று டயர் வியாபாரத்தில் ஒரு வாய்ப்பாடு உண்டு. ரிம் ஓர் அங்குலம் கூடினால் பக்கவாட்டுச் சதவீதத்தை ஐந்து குறை, அகலத்தைப் பத்து மில்லிமீட்டர் கூட்டு. இதைத்தான் ‘ப்ளஸ் ஒன்’, ‘ப்ளஸ் டூ’ என்கிறார்கள். மூன்று சதவீதத்துக்கு மேல் விட்டம் மாறக் கூடாது என்பது கூடவே வரும் நடைமுறை விதி.

16இலிருந்து 23 வரை

இப்படிக் குட்டைப் பக்கவாட்டுள்ள ஒரு டயர் சாத்தியமாவதற்கே ரேடியல் வர வேண்டியிருந்தது. லாரிக்காரர்கள் இன்றும் ‘நைலான் டயர்’ என்று சொல்லும் பழைய வகையில் தரையைத் தொடும் பகுதியும் பக்கவாட்டும் ஒரே குறுக்குநூல் கட்டுமானம். பக்கவாட்டைக் குட்டையாக்கினால் மொத்த டயரும் விறைத்துப்போகும். 1946இல் மிஷ்லின் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர் இந்த இரண்டையும் பிரித்தது. தரைப்பகுதிக்கு எஃகுப் பட்டை, பக்கவாட்டுக்கு நெகிழும் நூல். இனிப் பக்கவாட்டைத் தனியாகக் குறைக்கலாம். 1970களில் பிரெல்லியின் பி7 டயர் அதைப் பந்தயத்திலிருந்து சாலைக்குக் கொண்டுவந்தது. அப்போதும் குட்டைப் பக்கவாட்டு டயர் வேகக் கார்களின் சொத்தாகவே இருந்தது.

எஸ்யூவியின் பிறப்போ வேறு இடத்தில். 1970இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவர் பண்ணையிலும் சேற்றிலும் உழைக்கவும், மாலையில் நகரத்துக்குள் கௌரவமாக வரவும் செய்யப்பட்ட வண்டி. அதன் ரிம் 16 அங்குலம், அதைச் சுற்றி நிறைய ரப்பர். 2021இல் வெளியான ஐந்தாம் தலைமுறை ரேஞ்ச் ரோவருக்கு 23 அங்குலம் வரை உண்டு.

இந்த வளர்ச்சிக்கு நியாயமான காரணங்கள் சில இருக்கின்றன. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டி மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுமானால் அதை நிறுத்தப் பெரிய பிரேக் டிஸ்க் வேண்டும். டிஸ்க்கும் காலிப்பரும் ரிம்முக்குள் அடங்க வேண்டும். ஆகவே ரிம்மும் பெரிதாக வேண்டும். இரண்டாவது காரணம் கண்ணுக்கானது. இன்றைய எஸ்யூவிகளின் பக்கப் பலகை உயரமானது, கண்ணாடி குறுகலானது. அந்த உடம்பில் 17 அங்குல ரிம்மை மாட்டினால் யானைக்கு ஆட்டுக்கால் வைத்ததுபோல் இருக்கும். மூன்றாவது காரணம் கல்லாப்பெட்டி. ஒரே வண்டியைப் பல விலைகளில் விற்பதற்கு ரிம்மைவிட வசதியான, தெருவில் எல்லோருக்கும் தெரிகிற அடையாளம் வேறில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ரேஞ்ச் ரோவரின் 23 அங்குல டயரின் அளவு 285/40. அதன் பக்கவாட்டு 114 மில்லிமீட்டர், மொத்த விட்டம் 812. எக்ஸ்5இன் 22 அங்குல டயரைவிட இதில் பக்கவாட்டு உயரம் அதிகம். 22 மென்மையானதாகவும் 23 கடுமையானதாகவும் இருக்கும் என்று எண்ணை மட்டும் பார்த்துச் சொன்னால் அது தலைகீழாகிவிடும். ‘எத்தனை இன்ச் ரிம்?’ என்பதை விட்டுவிட்டு ‘எத்தனை மில்லிமீட்டர் மிச்சம்?’ என்று கேட்கத் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

கிடைப்பது

பெரிய ரிம்மைத் திட்டித் தீர்ப்பது எளிது. அதில் உண்மையாகவே கிடைப்பவற்றையும் சொல்ல வேண்டும். உயரமான பக்கவாட்டுள்ள டயரில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் முதலில் ரப்பர் மடங்கும், பிறகுதான் வண்டி திரும்பும். அந்தச் சின்னத் தாமதம் குட்டையான பக்கவாட்டில் குறைகிறது. கொடைக்கானல் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு உயரமான வண்டியை ஓட்டுபவருக்கு இந்த வித்தியாசம் கைக்குத் தெரியும். வண்டி அசைந்து அசைந்து திரும்புவது குறைந்து, சொன்ன சொல் கேட்பதுபோல் இருக்கும்.

அகலமான டயர் காய்ந்த சாலையில் நல்ல பிடிப்பைத் தரும் என்பதும் பெரும்பாலும் சரியே. ஆனால் அகலம் கூடினால் தரையைத் தொடும் பரப்பும் அதே அளவுக்குக் கூடிவிடும் என்பது சரியல்ல. வண்டியின் எடையும் காற்றின் அழுத்தமும்தான் அந்தப் பரப்பை முக்கியமாகத் தீர்மானிக்கின்றன. அகலமான டயரில் அது குறுக்கே நீண்டும் முன்பின்னாகச் சுருங்கியும் வடிவம் மாறுகிறது. வளைவில் அந்த வடிவம் உதவும். மற்றபடி பிடிப்பு ரப்பரின் தரத்தைப் பொறுத்தது. மலிவான 22 அங்குல டயரைவிட நல்ல 19 அங்குல டயர் குறைந்த தூரத்தில் வண்டியை நிறுத்தலாம்.

கடைசியாக, அழகு. பெரும்பாலோர் மாற்றுவது இதற்காகத்தான். அதை ஒப்புக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பட்டுப்புடவை வெயிலுக்கு ஏற்றதில்லை என்று தெரிந்தும் கல்யாணத்துக்குக் கட்டுகிறோம். ஆனால் அதைக் கட்டிக்கொண்டு தினமும் பஸ்ஸில் தொங்குவதில்லை.

கொடுப்பது

இரண்டு டன் வண்டியைத் தாங்கி நிற்பது ரப்பர் என்றுதான் நினைக்கிறோம். தாங்குவது அதற்குள் அடைபட்ட காற்று. ரப்பர் அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பை. பையைச் சிறிதாக்கினால் தாங்கும் சக்தியும் குறையும்.

இது டயரிலேயே எழுதியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. அளவுக்குப் பக்கத்தில் வரும் எண் சுமைக் குறியீடு. 110 என்றால் ஒரு டயர் அதிகபட்சம் 1,060 கிலோ தாங்கும். 107 என்றால் 975 கிலோ. 104 என்றால் 900 கிலோ. 265/50 ஆர்19 டயர் 110 குறியீட்டில் கிடைக்கிறது. 275/35 ஆர்22 டயரில் ‘எக்ஸ்ட்ரா லோடு’ என்று எழுதியிருந்தாலும் 104தான் வழக்கம். டயருக்கு 160 கிலோ குறைந்துவிட்டது. நிறுவனமே 22 அங்குலம் தரும்போது பின்பக்கத்துக்கு 315/30 என்று அகலமான டயரைப் போடுகிறது. உயரத்தில் இழந்த காற்றில் கொஞ்சத்தை அகலத்தில் மீட்கும் வழி அது. ஆனால் முன்னும் பின்னும் வேறு வேறு அளவு என்பதால் தேய்மானத்தைச் சமப்படுத்த முன்சக்கரத்தைப் பின்னுக்கு மாற்றிப் போடும் பழைய வழக்கத்துக்கு இனி இடமில்லை.

குறைந்த காற்று அதே சுமையைத் தாங்க வேண்டுமானால் அதை இன்னும் அழுத்தி அடைக்க வேண்டும். எந்த அளவு டயருக்கு எவ்வளவு காற்று என்ற பட்டியல் டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். வெளியில் வாங்கிய அளவு அந்தப் பட்டியலில் இருக்காது. பெட்ரோல் பங்க்கில் காற்றுக் குழாயோடு வரும் பையன், “எவ்ளோ சார்?” என்பான். நாமும் பழக்கதோஷத்தில் “35” என்போம். நிறையப் பக்கவாட்டுள்ள டயரில் காற்று குறைந்தால் அடிப்பக்கம் பிதுங்கிக் கண்ணுக்குத் தெரியும். குட்டை டயரில் காற்று குறைந்தாலும் பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே இருக்கும், அடுத்த குழி வரும்வரை.

குழியில் நடப்பது இதுதான். கூர்மையான விளிம்பில் மோதும்போது டயர் உள்ளே அமுங்குகிறது. அமுங்க இடம் தீர்ந்ததும் சாலையின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவே பக்கவாட்டு நசுங்குகிறது. உள்ளே இருக்கும் நூல்கள் அறுகின்றன. வெளி ரப்பர் அறுந்த இடத்தில் காற்றுக்கு வழிவிட்டு வீங்குகிறது. கடைக்காரர் விரல் நின்ற இடம் அதுதான். தரைப்பகுதியில் ஆணி குத்தினால் பஞ்சர் ஒட்டலாம். பக்கவாட்டு உப்பினால் ஒட்ட வழியே இல்லை, டயரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அடி இன்னும் பலமாக இருந்தால் ரிம் வளையும் அல்லது விரிசல் விடும். லேசான வளைவைத் தட்டிப் பெண்டு எடுப்பது உண்டு. விரிசல் விட்ட அலாய் ரிம்முக்கு வெல்டு வைத்துப் பெயின்ட் அடித்து, புதுசு மாதிரி இருக்கு என்று கொடுப்பதும் உண்டு. இரண்டாவதை ஏற்றுக்கொள்பவர் உயிரை அடகு வைக்கிறார்.

அடுத்தது எடை. வேறு திட்டமில்லாமல் ரிம் வளர்ந்தால் எடையும் வளரும். அதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே, சுழலும் இடத்தில். இடுப்பில் கட்டிய ஒரு கிலோவும் செருப்பில் கட்டிய ஒரு கிலோவும் நடப்பவனுக்கு ஒன்றல்ல. ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள எடை ஒவ்வொரு மேட்டிலும் துள்ளும். அந்தத் துள்ளலை அடக்கும் வேலை ஷாக் அப்சார்பருக்கும் புஷ்களுக்கும் லோயர் ஆர்முக்கும் போகும். 2010இல் அமெரிக்காவின் ‘கார் அண்ட் டிரைவர்’ இதழ் ஒரே ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் 15 அங்குலம் முதல் 19 அங்குலம் வரை மாற்றி மாற்றிப் போட்டுச் சோதித்தது. சின்னதிலிருந்து பெரியதற்குப் போனபோது எரிபொருள் சிக்கனம் சுமார் 10 சதவீதம் குறைந்தது, வேகம் எடுப்பதும் மந்தமானது. மின்சாரக் கார்களில் இது இன்னும் அப்பட்டம். டெஸ்லாவின் 2022 மாடல் எஸ் காருக்கு அமெரிக்க அரசின் அளவீட்டில் 19 அங்குலச் சக்கரத்தோடு 405 மைல், 21 அங்குலத்தோடு 375 மைல். பேட்டரி அதேதான்.

வார்ப்பு ரிம்மைவிட ஃபோர்ஜ்டு ரிம் எடை குறைவு, பலமும் அதிகம், விலையும் அப்படியே. எடைப் பிரச்சினையைப் பணத்தால் ஓரளவு தீர்க்கலாம். காற்றுப் பிரச்சினையைப் பணத்தால் தீர்க்க முடியாது.

மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டயர் அகலமாக ஆக, முன்னால் தேங்கிய நீரை அதிகமாக ஒதுக்க வேண்டியிருக்கும். ஒதுக்க முடியாத வேகத்தில் டயர் தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும். ஸ்டியரிங் கையில் இலேசாகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் புறவழிச்சாலை ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்த ஒரு நொடி தெரியும். அகலமான டயரில் அந்த நொடி சற்றுக் குறைந்த வேகத்திலேயே வந்துவிடும்.

பொருந்துகிறதா?

ரிம் மாட்டினால் மாட்டிக்கொள்கிறது என்பதே பொருத்தத்துக்குச் சான்றாகிவிடாது. பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, போல்ட் வட்டம். கடைகளில் பிசிடி என்பார்கள். எக்ஸ்5க்கு ஐந்து போல்ட், 112 மில்லிமீட்டர் வட்டம். ஃபார்ச்சூனருக்கு ஆறு, 139.7 மில்லிமீட்டர். இரண்டு, நடு ஓட்டை. ரிம்மின் நடுவிலுள்ள துளை ஹப்பின் மேல் இறுக உட்கார வேண்டும். துளை பெரிதாக இருந்தால் நடுவில் வளையம் போட்டு இடைவெளியை அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் போல்ட்டுகள் மட்டுமே சக்கரத்தை மையத்தில் பிடிக்கும், வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். மூன்று, ஆஃப்செட், ரிம்மில் ஈடி என்று பொறித்திருக்கும் எண். சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே உட்கார்கிறது என்பதை இது சொல்கிறது. இந்த எண் குறைந்தால் சக்கரம் வெளியே தள்ளிக்கொண்டு வரும். பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் பேரிங் அதிகம் சுமக்கும், மட்கார்டில் உரசும், சேறு கதவு முழுக்கத் தெறிக்கும். ரிம்மில் ஜப்பானியத் தரத்தின் ஜேடபிள்யூஎல் முத்திரையோ அதைச் சரிபார்த்த வியா முத்திரையோ இருந்தால் ஓரளவு நம்பலாம். இரண்டும் இல்லாத ‘ரெப்ளிகா’ ரிம்மை எக்ஸ்5 எடையுள்ள வண்டியில் மாட்டுவது சூதாட்டம்.

விட்டம் மாறினால் ஸ்பீடோமீட்டரும் மாறும். ஃபார்ச்சூனரில் கம்பெனி போட்டுத் தரும் 265/60 ஆர்18 டயரின் விட்டம் 775 மில்லிமீட்டர். அதற்கு 265/50 ஆர்20 போட்டால் 773, கிட்டத்தட்ட அதே. 275/55 ஆர்20 போட்டால் 810. நாலரை சதவீதம் கூடிவிட்டது. முன்பு 100 காட்டிய வேகத்தில் இப்போது வண்டி நூற்று நாலரை ஓடும். முள் 100இலேயே நிற்கும். ஐ.நா.வின் 39ஆம் வாகன விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டலாம், குறைத்துக் காட்டவே கூடாது. அந்த விதி விட்டுவைத்த பாதுகாப்பு இடைவெளியைத்தான் பெரிய டயர் தின்கிறது.

நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் வண்டியில் இன்னொரு கண்ணி உண்டு. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரு சுற்றில் கிட்டத்தட்ட ஒரே தூரம் போக வேண்டும். எக்ஸ்5இன் 22 அங்குலத்தில் முன்னால் 275/35, விட்டம் 751. பின்னால் 315/30, விட்டம் 748. பொருந்துகிறது. அதே பின்பக்கத்துக்கு 315/35 கிடைத்ததென்று வாங்கிப் போட்டால் 779. ஒரு எண்தான் பிசகியது. வண்டி நேராகப் போகும்போதும் வளைவில் இருப்பதாக டிரான்ஸ்ஃபர் கேஸ் நினைத்துக்கொண்டு ஓயாமல் சமன்செய்யும். சூடேறி உள்ளே இருக்கும் கிளட்ச் தேயும். இதே காரணத்தால்தான் ஒரு டயர் உப்பினால் ஒன்றை மட்டும் புதிதாகப் போட முடியாமல் போகிறது. எட்டு மில்லிமீட்டர் பட்டனோடு வரும் புது டயருக்கும் மூன்று மில்லிமீட்டராகத் தேய்ந்த பழைய டயருக்கும் விட்டத்தில் பத்து மில்லிமீட்டர் வித்தியாசம்.

ஸ்டெப்னியை மறந்துவிடக் கூடாது. பல சொகுசு வண்டிகள் ஸ்டெப்னி இல்லாமல், காற்றே போனாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் ஓடக்கூடிய ரன்ஃபிளாட் டயரோடு வருகின்றன. வெளியில் ரிம் மாற்றும்போது சாதா டயர் போட்டுவிட்டால் ஸ்டெப்னியும் இல்லை, ரன்ஃபிளாட்டும் இல்லை. இரவு பதினொரு மணிக்கு விக்கிரவாண்டி தாண்டி டயர் வெடித்தால் இழுவை வண்டிதான் கதி.

சட்டம், காப்பீடு, கிடைப்பது

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றுக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம். அந்த மாடலுக்கு நிறுவனமே ஏற்றுக்கொண்ட அளவு என்றால் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயர் என்றால் சோதனைச் சாவடிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

காப்பீட்டிலும் ஒரு நுணுக்கம். இந்தியாவில் வழக்கமான தனியார் கார் பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் பணம் கிடையாது. வண்டியும் சேர்ந்து அடிபட்டிருந்தால்தான், அதுவும் டயரின் விலையில் பாதி. டயருக்கென்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டினால் கதை வேறு. ஆனால் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் மறைத்திருந்தால் விபத்துக் கோரிக்கையிலும் கேள்வி எழும். சஸ்பென்ஷனுக்கு வாரன்டி கேட்டுப் போனாலும் சர்வீஸ் சென்டரில் முதலில் கண் போகும் இடம் ரிம்தான்.

பிறகு, டயர் கிடைக்க வேண்டுமே. 2020 ஜூனில் மத்திய அரசு கார் டயர் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலுக்கு மாற்றியது. உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது என்றானது. இந்தியத் தயாரிப்பாளர்கள் அதிகம் செய்யாத பெரிய அளவுகளைத்தான் இது அதிகம் பாதித்தது. அரிய அளவுகள் கடையில் நாள்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். ஆகவே வாங்கும்போது பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு எண்களைப் படிக்க வேண்டும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது.

எதிர்த்திசையில் போகிறவர்கள்

வண்டியை உண்மையாகவே கடும் நிலத்தில் ஓட்டுபவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் இந்தக் கேள்விக்குச் சரியான சாட்சி. லேண்ட் ரோவர் டிஃபென்டருக்கு 255/70 ஆர்18 அளவும் உண்டு, 255/60 ஆர்20 அளவும் உண்டு. இரண்டின் விட்டமும் 814 மில்லிமீட்டர். முந்தியதில் பக்கவாட்டு 178, பிந்தியதில் 153. டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 300இல் 265/65 ஆர்18, 265/55 ஆர்20 இரண்டும் 800 மில்லிமீட்டரை ஒட்டியே வருகின்றன. பாலைவன மணலுக்குப் போகிறவர்கள் 20 அங்குல வண்டியை வாங்கினாலும் 18 அங்குல ரிம்மைத் தேடுகிறார்கள். மணலில் காற்றைப் பாதியாக இறக்கி டயரைப் பரப்பினால்தான் வண்டி புதையாது. பரப்புவதற்கு டயரில் உயரம் வேண்டும்.

பெரிய ரிம்முக்கு மாறுவதைக் கௌரவமாகப் பார்க்கும் ஊரில், சின்ன ரிம்முக்கு மாறுவது அறிவாளித்தனமாகப் பார்க்கப்படும் உலகமும் இருக்கிறது. எல்லா வண்டியிலும் அது முடியாது. பெரிய பிரேக் உள்ள எஞ்சின் வகைகளில் சின்ன ரிம் காலிப்பரில் இடிக்கும். முடிந்தால், நம் ஊர்ச் சாலைக்கு அது யோசிக்கத் தகுந்தது.

அப்படியானால் மாற்றவே கூடாதா? நிறுவனம் அதே மாடலுக்குத் தரும் அளவுக்குள், ஓர் அங்குலம் ஏற்றலாம். சுமைக் குறியீடு குறையாமல் பார்த்து, கதவு ஸ்டிக்கரில் அந்த அளவுக்குரிய காற்று இருக்கிறதா என்று பார்த்து, நான்கு டயரையும் ஒரே வகையாகப் போட்டு, போல்ட்டை நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை மறுபடி இறுக்கிக்கொண்டால் பெரிய ஆபத்தில்லை. பக்கவாட்டு 110 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால், நம் சாலையில் ஒவ்வொரு மழைக்காலத்தையும் அது ஒரு பரீட்சையாக்கிவிடும் என்பது என் கணிப்பு. மூன்று அங்குலம் ஏற்றுபவர் அந்தப் பரீட்சைக் கட்டணத்தையும் விலையோடு சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

அன்றைக்குக் கடையில் பேரம் இப்படி முடிந்தது.

“இதே டயர் எப்ப கிடைக்கும்?”

“சொல்லி வெச்சா பத்து நாள் ஆகும் சார். ஒண்ணு மட்டும் போட முடியாது, ஜோடியா வாங்கணும். பழைய 19 வீட்ல இருக்கா?”

“மொட்டைமாடியில கிடக்கு.”

“எடுத்துட்டு வாங்க. பத்து நாளைக்கு அதுல ஓட்டுங்க.”

தை பிறந்து நான் மறுபடி அந்தக் கடைக்குப் போனபோது, மூலையில் 22 அங்குல ரிம் நான்கும் பாலித்தீன் சுற்றி அடுக்கியிருந்தன. வளைந்ததைப் பெண்டு எடுத்திருந்தார்கள். மேலே ஒரு அட்டையில் ‘விற்பனைக்கு’ என்று எழுதியிருந்தது. அட்டை பறக்காமலிருக்க அதன்மேல் வைத்திருந்தது அந்த உப்பிய டயரிலிருந்து அறுத்தெடுத்த ஒரு துண்டு.